தியேட்டருக்கு எத்தனை பேர் வருவார்கள்?

சீட்டை எண்ணிக் குத்தகை எடுத்தால் கையைச் சுடும்

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த பேட்டை ஒன்றில், மூடிக் கிடக்கும் சின்ன தியேட்டர் குத்தகைக்கு வருகிறது என்று பேச்சு எழுந்தால் போதும். டீக்கடை பெஞ்சிலேயே கூட்டு வியாபாரம் உருவாகிவிடும். ஒருவரிடம் ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கிய பணம் இருக்கும். இன்னொருவர் ஊரில் நிலத்தை விற்று வைத்திருப்பார். மூன்றாமவர் வீட்டு நகையை அடகு வைக்கத் தயாராக இருப்பார்.

கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுவார்கள். சீட் 300. தினம் நாலு காட்சி. டிக்கெட் 100 ரூபாய். ஒரு நாளைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 36 லட்சம்! பாதி வந்தாலும் 18 லட்சம் என்று ஒருவர் அடக்கமாகச் சொல்வார். அந்த இடத்திலேயே பேச்சு முடிந்து, அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த "பாதி" எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தியேட்டர் தொழிலில் நொடித்துப் போனவர்கள் பலர் படத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் நொடித்தவர்கள் அல்ல. எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்ததால் நொடித்தவர்கள்.

சரியான கணக்கைப் போடுவது எப்படி? அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கொஞ்சம் பொறுமையும், கால் வலியைப் பொறுக்கும் மனசும் வேண்டும்.

ஆறில் ஒருவர் தமிழர், அதனால்?

"தமிழர் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு என்ன குறை?" என்பதுதான் முதலில் எழும் வாதம்.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி கர்நாடக மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். பெங்களூர் நகரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தமிழர். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை கையில் இருப்பது பழைய கணக்குதான்.

லட்சக்கணக்கில் தமிழர்கள் இருப்பது உண்மை. ஆனால் அல்சூர் தியேட்டருக்குப் பீன்யா தொழிலாளி வரமாட்டார். ஸ்ரீராமபுரத்துக்காரர் இரண்டு பஸ் மாறி விவேக் நகர் போகமாட்டார். சிறிய தியேட்டருக்கு வருகிறவர்கள் நடந்து வரும் தூரத்திலோ, ஒரே பஸ்ஸில் வரும் தூரத்திலோ இருப்பவர்கள்தான். எனவே நகரத்தின் ஜனத்தொகையை மறந்துவிட்டு, தியேட்டரைச் சுற்றியுள்ள தெருக்களின் ஜனத்தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் கழிக்க வேண்டியவர்கள் பலர் உண்டு. கைக்குழந்தை உள்ள வீடுகள், மாடிப்படி ஏற முடியாத முதியவர்கள், வசதி வந்துவிட்டதால் மால் தியேட்டருக்கே போகிறவர்கள், நாலு வாரம் பொறுத்தால் கைப்பேசியிலேயே படம் வந்துவிடும் என்று இருப்பவர்கள். புதுப் படங்களில் பல நாலே வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுவது இன்றைய நிலைமை.

மிச்சம் இருப்பவர்களிடம் நேரில் போய்க் கேட்பது நல்லது. ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "இங்கே தியேட்டர் திறந்தால் வருவீர்களா?" என்று கேட்டால், வரமாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது மரியாதைக்காகச் சொல்லும் பதில். "கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் எது? எந்தத் தியேட்டர்? எந்தக் கிழமை? எத்தனை பேர் போனீர்கள்? மொத்தம் எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்க வேண்டும். கடந்துபோன விஷயத்தைப் பற்றிப் பொய் சொல்வது கடினம். நூறு வீடு ஏறி இறங்கினால், ஒரு வீட்டார் வருஷத்துக்கு எத்தனை முறை தியேட்டர் படி மிதிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த எண் பலரைத் திடுக்கிட வைக்கும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு திடுக்கிடுவதைவிட அது மேல்.

தங்கவயல் தரும் பாடம்

ஊரில் ஆள் இருந்தால் போதாது. காட்சி நேரத்தில் ஆள் ஊரில் இருக்க வேண்டும். இதற்குக் கோலார் தங்கவயலைவிட நல்ல உதாரணம் இல்லை.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. சுரங்கத்தில் இரவு பகல் என்று ஷிப்டு முறையில் வேலை. ஷிப்டு வேலை நடக்கும் ஊரில் தியேட்டர்காரருக்கு ஒரு வசதி உண்டு. காலை ஷிப்டு முடித்தவர் மாலைக் காட்சிக்கு வரலாம். இரவு ஷிப்டுக்காரர் தூங்கி எழுந்து மேட்னிக்கு வரலாம். எந்த நேரத்திலும் ஊரில் ஒரு பகுதி ஆண்கள் ஓய்வில் இருப்பார்கள்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மக்களில் பெரும் பகுதியினர் ஊரைவிட்டுப் போகவில்லை. வீடு அங்கேதான். ஆனால் வேலை பெங்களூரில். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடியற்காலையில் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்கு வருகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல், வரவும் அதே அளவு. இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள்.

இந்த ஊரின் ஜனத்தொகையைப் பார்த்து ஒருவர் தியேட்டர் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? காகிதத்தில் ஆள் இருப்பார்கள். மேட்னி நேரத்தில் அவர்கள் பெங்களூர் ஃபேக்டரியில் இருப்பார்கள். மாலைக் காட்சி தொடங்கும்போது ரயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். இரவுக் காட்சிக்கு வந்தால் மறுநாள் முதல் ரயில் தவறிவிடும். ஆக, வாரத்தில் ஆறு நாள் அவர்களைக் கழித்துவிட வேண்டும். சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் மிஞ்சும்.

பெங்களூர்ப் பேட்டைகளுக்கும் இதே கணக்குதான். சுற்றிலும் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், வார விடுமுறை எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும். மெட்ரோவின் கடைசி ரயில் இரவு 11 மணியை ஒட்டிப் போய்விடுகிறது. இரவு 9.30 காட்சி முடியப் பன்னிரண்டரை ஆகும். எனவே இரவுக் காட்சிக்கு நடந்து வருகிறவர்களையும் சொந்த வண்டி வைத்திருப்பவர்களையும் மட்டும் எண்ண வேண்டும்.

கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. துணி துவைத்து, சமைத்து முடித்தபின் அவர்களால் வர முடிந்த நேரம் மேட்னி. அந்த ஒரு காட்சிக்கு அவர்கள் வருவார்களா என்பதைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, வாசலில் விளக்கு எரிகிறதா என்பதும் தீர்மானிக்கும். பெண்கள் வராத தியேட்டருக்குக் குடும்பம் வராது. குடும்பம் வராவிட்டால் நாலு டிக்கெட் ஒரு டிக்கெட்டாகிவிடும்.

தீபாவளிக்குத் தியேட்டர் காலி!

சென்னையிலும் மதுரையிலும் தியேட்டர்காரர் பொங்கலையும் தீபாவளியையும் நம்பி வருஷத்தை ஓட்டுவார். அந்த வழக்கத்தைப் பார்த்து இங்கேயும் பண்டிகை வாரத்தில் கூட்டம் அலைமோதும் என்று எழுதிவைத்தால் ஏமாற்றம் நேரலாம்.

பெங்களூர்த் தமிழர்களில் இரண்டு வகை உண்டு. அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் ஆகிய இடங்களில் மூன்று நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் ஒரு வகை. அவர்களுக்கு இதுதான் ஊர். பண்டிகை இங்கேதான். புதுத் துணி உடுத்தித் தியேட்டருக்கு வருவார்கள்.

கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் சமீப வருஷங்களில் வந்து, அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இரண்டாவது வகை. பண்டிகை வந்தால் இவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாள். பதிவு திறந்ததும் சேலம், ஈரோடு, மதுரை மார்க்க ரயில்களில் பண்டிகை நாள் டிக்கெட் பறந்துவிடும். ஒரு பழைய மாதிரி ஸ்லீப்பர் பெட்டியில் 72 பேர் படுக்கலாம். முன்பதிவில்லாத பெட்டியில் ஏறுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த ரயில்களில் போகிறவர்கள் எல்லாரும் மற்ற நாட்களில் இங்கே டிக்கெட் வாங்கக் கூடியவர்கள்தான்.

எனவே தியேட்டரைச் சுற்றி எந்த வகைத் தமிழர் அதிகம் என்று தெரியாமல் பண்டிகைக் கணக்கு எழுதக் கூடாது. அறை எடுத்துத் தங்கியவர்கள் வந்தால் ஆறு பேராக வருவார்கள். போனால் ஆறு பேரும் போய்விடுவார்கள்.

மற்ற நாட்களிலும் ஏற்ற இறக்கம் உண்டு. சம்பளம் கைக்கு வரும் முதல் பத்து நாளில் வரும் கூட்டம் 25-ந் தேதிக்கு மேல் வராது. மார்ச், ஏப்ரலில் பரீட்சை. அதைத் தொடர்ந்து மே மாதக் கடைசி வரை கிரிக்கெட். மழை மாலையில் பெய்தால் மாலைக் காட்சி போயிற்று. சிவாஜிநகரில் ரம்ஜான் நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் குறையும். செப்டம்பர் 8-ந் தேதி மாதா திருநாளுக்கு அங்கே லட்சக்கணக்கில் ஜனம் கூடும். ஆனால் தேர் பார்க்க வந்த கூட்டத்தைப் படம் பார்க்க வந்த கூட்டமாக எண்ணக் கூடாது.

தமிழ்ப் படத்துக்கு இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். 2000-ல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்த காலத்தில் தமிழ்ப் படங்கள் நின்றன. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரிக் கலவரம். 2025 ஜூன் மாதம் "தக் லைஃப்" மற்ற மாநிலங்களில் வெளியானது. மொழிப் பிரச்சினையால் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போயும் இங்கே படம் ஓடவில்லை. பெரிய படத்தை நம்பி அந்த வாரத்துக்கு வேறு ஏற்பாடு செய்யாத தியேட்டர்காரருக்கு அது வெறும் வாரம். வருஷத்துக்கு 52 வாரம் என்று எழுதுகிறவர், சில வாரங்களைக் கழித்தே எழுத வேண்டும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் மட்டும் 52 வாரமும் உண்டு.

ஸ்டாண்டுக்காரரைக் கேளுங்கள்

ஒரு தியேட்டருக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை யாரிடம் தெரிந்துகொள்வது? விற்க வருகிறவர் கூட்டிச் சொல்வார். வரிக்காரரிடம் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. ரசிகர் மன்றத்தாரைக் கேட்டால் எந்தக் காட்சியும் ஹவுஸ்ஃபுல்தான்.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வண்டி ஸ்டாண்டு எடுத்தவர். மற்றவர் கேன்டீன் எடுத்தவர். இவர்கள் இருவரும் சொந்தப் பணத்தைக் கட்டிக் குத்தகை எடுப்பவர்கள். சமோசா மிஞ்சினால் அவர்களுக்கு நஷ்டம். ஆகவே எந்தக் கிழமைக்கு எத்தனை சமோசா போட வேண்டும் என்பது கேன்டீன்காரருக்கு மனப்பாடம். பக்கத்துத் தியேட்டரின் ஸ்டாண்டும் கேன்டீனும் என்ன தொகைக்குக் குத்தகை போகின்றன என்று விசாரித்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, நேரில் நின்று எண்ண வேண்டும். பக்கத்தில் ஓடும் தியேட்டரின் எதிரே இரண்டு வாரம் நின்று, ஒவ்வொரு காட்சிக்கும் உள்ளே போகிறவர்களை நோட்டில் குறிக்க வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது. செவ்வாய்க்கிழமை மேட்னியும், மழை பெய்த வியாழக்கிழமை இரவுக் காட்சியும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். பெரிய நடிகரின் படம் ஒன்றும், பெயர் தெரியாத படம் ஒன்றும் ஓடும் வாரங்களாகப் பார்த்து எண்ணினால் மிகவும் நல்லது.

விநியோகஸ்தர்களிடம் டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் அறிக்கைகள் இருக்கும். பழக்கம் உள்ளவர் கேட்டால் காட்டுவார்கள். அதிலும் முதல் நாளை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய நடிகர் படத்தின் முதல் நாள் கூட்டம் அந்தப் பேட்டையின் கூட்டம் அல்ல. நகரத்தின் நாலா பக்கமிருந்தும் திரண்டு வந்த ரசிகர்கள் அவர்கள். பால் அபிஷேகம் முடிந்ததும் போய்விடுவார்கள். திங்கட்கிழமை வரப்போகிறவர் பக்கத்துத் தெருக்காரர்தான்.

கணக்கு இப்படி

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். விளங்குவதற்காகப் போட்ட எண்கள் இவை. ஒவ்வொருவரும் தம் நோட்டில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

300 சீட். நாலு காட்சி. வாரத்துக்கு 28 காட்சி. மொத்தம் 8,400 சீட். சுமாரான ஒரு புதுப் படம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை: காலை 90, மேட்னி 80, மாலை 140, இரவு 110. ஆக 420 பேர்.

சனி, ஞாயிறு: காலை 60, மேட்னி 140, மாலை 220, இரவு 130. ஒரு நாளைக்கு 550 பேர். இரண்டு நாளைக்கு 1,100 பேர்.

திங்கள் முதல் வியாழன் வரை: காலை 20, மேட்னி 40, மாலை 70, இரவு 50. ஒரு நாளைக்கு 180 பேர். நாலு நாளைக்கு 720 பேர்.

வாரத்துக்கு மொத்தம் 2,240 பேர். நூறு சீட்டுக்கு 27 சீட்கூட முழுசாக நிரம்பவில்லை. ஞாயிறு மாலை வந்து பார்த்தவர் "நல்ல கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொன்னதும் பொய் இல்லை.

டிக்கெட் 100 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேற்படாத டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. வரி போக மிஞ்சுவது 2 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய். முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பாதி என்றால், தியேட்டருக்கு 1 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம். கேன்டீன், ஸ்டாண்டு மூலம் தலைக்கு 10 ரூபாய் மிஞ்சினால் அது 22 ஆயிரத்து 400. மொத்த வரவு 1 லட்சத்து 29 ஆயிரம்.

குத்தகை, சம்பளம், மின்சாரம், டிஜிட்டல் புரொஜெக்டர் வாடகை எல்லாம் சேர்த்து வாரச் செலவு 1 லட்சத்து 10 ஆயிரம் என்று வைப்போம். முதல் வாரம் 19 ஆயிரம் லாபம்.

அதே படத்தை இரண்டாம் வாரமும் ஓட்டினால் கூட்டம் பாதியாகிறது. 1,120 பேர். இரண்டாம் வாரம் தியேட்டர் பங்கு 60 சதவீதமாகக் கூடினாலும், கேன்டீனையும் சேர்த்து வரவு 75 ஆயிரம்தான். நஷ்டம் ஏறக்குறைய 35 ஆயிரம். முதல் வாரத்து லாபத்தை விழுங்கிவிட்டு, கைமுதலிலும் 16 ஆயிரத்தைக் கடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. முதல் வாரப் பங்கின்படி ஒரு ஆள் உள்ளே வந்தால் தியேட்டருக்கு மிஞ்சுவது 57 ரூபாய்ச் சொச்சம். 1 லட்சத்து 10 ஆயிரம் செலவைச் சமாளிக்க வாரத்துக்கு 1,910 பேர் வேண்டும். நாளைக்கு 273 பேர். காட்சிக்கு 68 பேர்.

குத்தகை எடுக்கிறவர் மனசில் பதிக்க வேண்டிய எண் அந்த 68. கேட்க வேண்டிய கேள்வி, "சராசரி 68 பேர் வருவார்களா?" என்பதுதான். நோட்டில் எண்ணி வந்த எண் அதற்குக் கீழே இருந்தால், குத்தகைத் தொகையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். குறைக்காவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். வெறுங்கையோடு எழுந்து வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மினிமம் கியாரண்டி கொடுத்துப் படம் எடுப்பவருக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. பங்கு முறையில் ஆள் வராவிட்டால் விநியோகஸ்தருக்கும் நஷ்டம். கியாரண்டி முறையில் கொடுத்த பணம் திரும்பாது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கில் நூறு பேர் தவறினாலும் அந்தச் சுமை முழுவதும் தியேட்டர்காரர் தலையில் விழும்.

பெரிய தியேட்டர் என்றால்?

"சீட் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 2,240 பேரும் 900 சீட் தியேட்டருக்கு வந்தாலும் 2,240 பேர்தான். சீட் கூடியதால் ஆள் கூடமாட்டார்கள். ஆனால் பெருக்கவும், விளக்குப் போடவும், மின்விசிறி சுற்றவும், வரி கட்டவும் 900 சீட்டுக்கு ஆகும்.

படப் பெட்டி குறைவாக இருந்த காலத்தில் பெரிய கொட்டகைகளுக்கு நியாயம் இருந்தது. ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொண்டு, ஒரு ரீல் முடிந்ததும் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்கு ஓடியவர்களைப் பழைய ஆட்கள் அறிவார்கள். "ஷிப்டிங்" என்று அதற்குப் பெயர். படம் நாலு இடத்தில்தான் ஓடும் என்றால் ஜனம் அந்த நாலு இடத்துக்கு வந்தாக வேண்டும். பெங்களூர் மெஜஸ்டிக் வட்டாரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த ஒரு தியேட்டரால்தான். தமிழ்ப் படங்களுக்கு லாவண்யா, நடராஜா போன்ற தியேட்டர்கள் பெயர் பெற்றிருந்தன.

டிஜிட்டல் வந்தபின் ஒரே நாளில் எல்லா இடத்திலும் படம் வருகிறது. 2004-ல் கோரமங்கலாவில் ஒரே மாலில் 11 திரைகள் திறக்கப்பட்டன. ஒரு தியேட்டருக்கு வந்த கூட்டம் பல திரைகளுக்குப் பிரிந்துவிட்டது. ஆகவே பத்து, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஹவுஸ்ஃபுல் கதைகளை வைத்து இன்றைய கூட்டத்தை மதிப்பிட முடியாது.

இந்த மாறுதலால் சின்ன தியேட்டருக்கு நன்மையும் உண்டு. முன்பெல்லாம் புதுப் படம் வரப் பல வாரம் காத்திருக்க வேண்டும். இப்போது முதல் நாளே கிடைக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களைக் காட்சி மாற்றி ஓட்டலாம். மேலே சொன்ன கணக்கில் இரண்டாம் வாரம் நஷ்டம் வந்தது, நாலு காட்சியிலும் ஒரே படத்தைப் போட்டதால்தான். மாலைக் காட்சியில் மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வேறு படம் போட்டிருக்கலாம்.

பழைய படங்களுக்கும் கூட்டம் இருக்கிறது. 1964-ல் வந்த "கர்ணன்" புதுப்பிக்கப்பட்டு 2012-ல் வெளியானபோது மறுபடியும் ஓடியது. 2004-ல் வந்த "கில்லி" 2024 ஏப்ரலில் திரும்ப வந்து தியேட்டர்களை நிரப்பியது. தியேட்டரைச் சுற்றி இருப்பவர்கள் எந்த வயதினர், எந்த நடிகரின் படம் பார்த்து வளர்ந்தவர்கள் என்று தெரிந்தவருக்கு, புதுப் படம் இல்லாத வாரமும் வீணாகாது. ஆனால் இதையும் எண்ணித்தான் பார்க்க வேண்டும். பழைய படத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு ஒரு காட்சிக்கு வருவார்கள். அதைக் கண்டு வாரம் முழுக்கப் போட்டால் பெஞ்சுதான் படம் பார்க்கும்.

யாருக்கு நஷ்டம்?

சின்ன தியேட்டர் ஒன்று மூடப்பட்டால் குத்தகைக்காரர் பணம் மட்டும் போவதில்லை. டிக்கெட் கிழிப்பவர், ஆபரேட்டர், பெருக்கும் அம்மாள், கேன்டீன் பையன் ஆகியோர் வேலையும் போகிறது. அந்தப் பேட்டைத் தொழிலாளிக்கு நூறு ரூபாயில் தாய்மொழிப் படம் பார்க்க இருந்த இடமும் போகிறது. மாலுக்குப் போனால் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்து இரண்டு நாள் கூலியைத் தின்றுவிடும். எனவே தியேட்டர் திறப்பது நல்ல காரியம்தான். திறந்த மூன்றாம் மாதம் பூட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத் தேவையானவை ஒரு நோட்டும் பேனாவும் இரண்டு வாரமும். சுற்றுத் தெருக்களில் நூறு வீடு. எதிர்த் தியேட்டர் வாசலில் 56 காட்சி. ஸ்டாண்டுக்காரரிடம் ஒரு டீ. செலவுப் பட்டியலை ஆள் எண்ணிக்கையாக மாற்றிய ஒரு வகுத்தல். இவ்வளவையும் முடித்தபின் எண் சரியாக வந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.

கூட்டாளிகளில் ஒருவர் அப்போதும், "இவ்வளவு யோசித்தால் தொழில் செய்ய முடியாது" என்று சொல்லத்தான் செய்வார். அந்த நோட்டை அவரிடமே கொடுத்து, வருகிற செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு எதிர்த் தியேட்டர் வாசலில் நின்று எண்ணி வரச் சொல்வது நல்லது.